குடியானவர் வீட்டிற்கு ஏற்ற ஜெனரேட்டர்: அளவைத் தெரிந்தெடுக்கும் விதம்

கிழக்குக் கடற்கரையோரமாயுள்ள ஜில்லாக்களில் ஐப்பசி முதல் மார்கழி வரையிலுள்ள மாதங்களில் புயற்காற்று வீசுவதும், அதனால் மின்சாரம் நின்றுபோவதும் குடியானவர்கள் யாவரும் அநுபவத்தில் அறிந்த விஷயமே. 2011-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 30-ந் தேதி காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. 2018-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி முதலிய இடங்களிலுள்ள தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துச் சென்றது. அந்தப் புயலில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பட்டணங்களுக்குச் சில தினங்களில் மின்சாரம் திரும்பிய போதிலும், உட்கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்காக விளக்கெரியவில்லை. விளக்கில்லாத கஷ்டத்தைக் காட்டிலும் தண்ணீரில்லாத கஷ்டமே பெரிதாயிருந்தது. மேல்நிலைத் தொட்டிகள் வறண்டுபோகவே, வாடகைக்கு ஜெனரேட்டர் பிடித்து, ஊர் ஊராய்க் கொண்டுபோய்த் தொட்டிகளை நிரப்பவேண்டியதாயிற்று.

இத்தகைய அநுபவத்தின் பிறகு, தூக்கிச் செல்லக்கூடிய சிறு ஜெனரேட்டர் ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டுமென்னும் எண்ணம் குடியானவர்கள் பலருக்கு உண்டாயிருக்கிறது. எண்ணம் நல்லதே. ஆயின், எந்த அளவுள்ள யந்திரத்தை வாங்குவது என்பதில்தான் பெரும்பாலோர் தவறிவிடுகின்றனர். சிலர் விலை மலிவாயிருப்பதைக் கண்டு மிகச் சிறியதை வாங்கி, தண்ணீர் மோட்டாரை அதில் பூட்டிக் காயிலைக் கருக்கிவிடுகின்றனர். வேறு சிலர் பெரியதாயிருந்தால் குறைவொன்றும் வராதென்று நினைத்து, தேவைக்கு மூன்று மடங்கான யந்திரத்தை வாங்கி, அதன் வாய்க்குப் பெட்ரோல் ஊற்றியே சலித்து, இரண்டாவது வருஷத்தில் அதை மூலையில் போட்டுவிடுகின்றனர். கடைக்காரர் சொல்லைக் கொண்டோ, பக்கத்து வீட்டார் வாங்கியதைப் பார்த்தோ அளவைத் தீர்மானித்தல் தகாது. ஒரு காகிதமும் பென்சிலும் அரைமணி நேரப் பொறுமையும் இருந்தால், எந்தக் குடும்பமும் தனக்கு வேண்டிய அளவைத் தானே கணக்கிட்டுக் கொள்ளலாம். அதற்கான வழி கீழே விவரிக்கப்படுகிறது.

தகட்டிலுள்ள எண்களின் பொருள்

ஒவ்வொரு மின்சாரக் கருவியின் மேலும் ஒரு தகடோ ஒட்டுச்சீட்டோ இருக்கும். அதில் வோல்ட், ஆம்பியர், வாட் என்னும் மூன்று எண்களில் இரண்டேனும் காணப்படும். வோல்ட் என்பது மின்சாரத்தின் அழுத்தம். தொட்டி எவ்வளவு உயரத்திலிருக்கிறதோ அதற்குத் தக்கபடி குழாயில் தண்ணீர் வேகம் பெறுவதை இதற்கு ஒப்பிடலாம். நம் நாட்டு வீடுகளில் இது 230 வோல்ட். ஆம்பியர் என்பது கம்பியில் ஓடும் மின்சாரத்தின் அளவு. இவ்விரண்டையும் பெருக்கினால் வரும் தொகை வாட் ஆகும். ஆயிரம் வாட் சேர்ந்தது ஒரு கிலோவாட்.

மோட்டார்களில் மட்டும் ஹெச்.பி. என்று கடைகளில் வழங்கும் குதிரைசக்திக் கணக்கு எழுதப்பட்டிருக்கும். ஒரு குதிரைசக்தி 746 வாட்டுக்குச் சமம். ஆனால் இது மோட்டாரின் அச்சு கொடுக்கும் வேலையின் அளவேயன்றி, அது மின்கம்பியிலிருந்து எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தின் அளவன்று. உராய்விலும் சூட்டிலும் ஒரு பங்கு வீணாவதால், ஒரு ஹெச்.பி. மோட்டார் ஓடுவதற்கு ஏறக்குறைய 1,100 முதல் 1,200 வாட் வரை வேண்டியிருக்கிறது. 746 என்ற எண்ணை மட்டும் நம்பிக் கணக்கிடுவோர் இங்கேயே ஏமாந்துபோகின்றனர்.

ஜெனரேட்டரின் மேல் பெரும்பாலும் கே.வி.ஏ. என்ற அளவு எழுதப்பட்டிருக்கும். இது வாட்டோடு நெருங்கிய சம்பந்தமுள்ளதாயினும் அதுவேயன்று. மோட்டார் போன்றவை எடுத்துக்கொள்ளும் மின்சாரம் முழுவதும் வேலையாக மாறுவதில்லையாதலால், கே.வி.ஏ. அளவில் 100-க்கு 80 பங்கையே கிலோவாட்டாகக் கொள்ளுதல் உத்தமம். அதாவது 5 கே.வி.ஏ. என்றிருந்தால் அது 4 கிலோவாட் தருமென்று வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. ஜெனரேட்டரில் இரண்டுவிதத் திறன்கள் குறிக்கப்படுகின்றன. மணிக்கணக்காக நின்று கொடுக்கக்கூடியது தொடர்திறன். சில விநாடிகளுக்கு மட்டும் மூச்சுப்பிடித்துக் கொடுக்கக்கூடியது உச்சத்திறன். விளம்பரங்களில் பெரிய எழுத்தில் காணப்படுவது அநேகமாய் உச்சத்திறனே. வாங்குவோர் தொடர்திறன் எவ்வளவென்று கேட்டு, அதைத் தகட்டில் கண்ணால் பார்த்த பின்பே விலைபேச வேண்டும்.

வீட்டுக் கருவிகள் எடுத்துக்கொள்ளும் மின்சாரம்

சாதாரணக் கருவிகள் ஓடும்போது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் உத்தேசமாய்க் கீழே காட்டப்பட்டிருக்கிறது. அவரவர் வீட்டுக் கருவியின் தகட்டில் வேறு எண் இருக்குமாயின் அதையே கொள்ள வேண்டும்.

எல்.இ.டி. விளக்கு ஒன்றுக்கு: 9 வாட்
பழைய மாதிரி சீலிங் மின்விசிறி: 75 வாட்
பி.எல்.டி.சி. என்னும் புதுமாதிரி மின்விசிறி: 30 வாட்
செல்போன் சார்ஜர்: 10 முதல் 20 வாட்
32 அங்குல டி.வி.: 60 வாட்
பிரிட்ஜ்: 100 முதல் 150 வாட்
மேசைக் கிரைண்டர்: 150 வாட்
மிக்ஸி: 500 முதல் 750 வாட்
இஸ்திரிப் பெட்டி: 750 முதல் 1,000 வாட்
அரை ஹெச்.பி. தண்ணீர் மோட்டார்: 600 முதல் 700 வாட்
ஒரு ஹெச்.பி. தண்ணீர் மோட்டார்: 1,100 முதல் 1,200 வாட்
ஒன்றரை டன் ஏ.சி.: 1,500 முதல் 1,700 வாட்
வெந்நீர் போடும் கீசர்: 2,000 முதல் 3,000 வாட்

இந்த ஜாபிதாவிலிருந்து ஓர் உண்மை விளங்கும். வெளிச்சத்திற்கும் காற்றுக்கும் செலவாகும் மின்சாரம் அற்பமே. சூடாக்கும் கருவிகளும் மோட்டார்களுமே பெரும் பங்கைத் தின்கின்றன. புயல் காலத்தில் வெந்நீரை விறகடுப்பிலோ காஸ் அடுப்பிலோ வைத்துக்கொள்ளலாம். துணிக்கு இஸ்திரி போடாமலிருக்கலாம். சட்னியை அம்மியில் அரைத்துக்கொள்ளலாம். ஆகையால் கீசர், இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி ஆகிய இம்மூன்றையும் முதலிலேயே கணக்கிலிருந்து அடித்துவிடுதல் சிலாக்கியம்.

நின்ற வண்டியும் ஓடுகிற வண்டியும்

பாரமேற்றிய வண்டி சேற்றில் நிற்கும்போது அதைக் கிளப்புவதற்கு மாடுகள் எவ்வளவு முக்கி இழுக்க வேண்டியிருக்கிறதென்பதும், சக்கரம் உருளத் தொடங்கியபின் அதே மாடுகள் எவ்வளவு சுலபமாய் நடக்கின்றன என்பதும் எல்லோரும் பார்த்ததே. மின்மோட்டாரின் சுபாவமும் அப்படியே. நின்றிருக்கும் மோட்டார் சுழலத் தொடங்கும் சில விநாடிகளில், அது ஓடும்போது எடுத்துக்கொள்வதைப்போல் மூன்று மடங்கு, சிலவேளை அதற்கும் அதிகமாக மின்சாரத்தை இழுக்கிறது. மின்வாரியக் கம்பியில் இது தெரிவதில்லை; விளக்கு ஒருதரம் மங்கிப் பிரகாசிப்பதோடு தீர்ந்துவிடும். சிறு ஜெனரேட்டரிலோ இந்தச் சில விநாடிகளே யந்திரத்தின் அளவைத் தீர்மானிக்கின்றன.

ஜெனரேட்டருக்கு அந்தச் சக்தி இல்லாவிடில் வோல்ட் இறங்கிவிடும். மோட்டார் சுழலமாட்டாமல் உறுமிக்கொண்டே நிற்கும். நிற்கிற மோட்டார் ஓடுகிற மோட்டாரைவிட அதிக ஆம்பியரை இழுப்பதால், காயில் சூடேறிச் சில நிமிஷங்களில் கருகிவிடும். ஆகவே உறுமல் கேட்டவுடனே சுவிட்சை நிறுத்த வேண்டும். மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தல் கூடாது.

விளக்கு, இஸ்திரிப் பெட்டி முதலியவற்றிற்கு இந்தத் தொடக்க இழுப்பு இல்லை. பிரிட்ஜுக்கு உண்டு, அதனுள்ளிருக்கும் கம்ப்ரஸர் ஒரு மோட்டாரே. 150 வாட் பிரிட்ஜ் தொடங்கும்போது 600 வாட் வரை இழுக்குமென்று வைத்துக்கொள்ளலாம். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் உள்ள புதுமாதிரிகளில் இது வெகுவாய்க் குறைவு.

ஒரு குடும்பத்தின் கணக்கு

உதாரணமாக, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் தென்னந்தோப்பு வீட்டில் வசிக்கும் ஐந்துபேர் கொண்ட ஒரு குடும்பத்தைக் கணக்கிற்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டில் 6 விளக்குகள், 3 மின்விசிறிகள், ஒரு டி.வி., ஒரு பிரிட்ஜ், 3 செல்போன்கள், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் அரை ஹெச்.பி. மோட்டார், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, கீசர் ஆகியவை உண்டு. வீட்டிலுள்ள பாட்டிக்கு நீரிழிவு. அவருடைய இன்சுலின் மருந்து பிரிட்ஜில் இருக்கிறது.

எல்லாவற்றையும் கூட்டினால்: விளக்குகள் 54, மின்விசிறிகள் 225, டி.வி. 60, பிரிட்ஜ் 150, செல்போன்கள் 45, தண்ணீர் மோட்டார் 700, மிக்ஸி 750, இஸ்திரிப் பெட்டி 1,000, கீசர் 2,000. ஆக மொத்தம் 4,984 வாட். இந்தத் தொகையைச் சொன்னால் கடையில் 6 அல்லது 7.5 கே.வி.ஏ. யந்திரத்தைக் காட்டுவார்கள். இது முதலாவது தவறு.

மேலே சொன்னபடி கீசர், இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி மூன்றையும் நீக்கி, தண்ணீர் மோட்டாரையும் தனியே எடுத்து வைத்தால், மிஞ்சுவது 534 வாட் மட்டுமே. அந்தக் குடும்பம் இரவு முழுவதும் கஷ்டமில்லாமலிருக்க இவ்வளவே போதும். இந்த 534 வாட்டில் பிரிட்ஜ் தொடங்கும் விநாடியில் 150-க்குப் பதில் 600 என்று வைத்தால் 984 வாட் ஆகிறது. ஆகவே, தண்ணீர் மோட்டாரை ஓட்டவேண்டிய அவசியமில்லாத வீட்டிற்குத் தொடர்திறன் 1,000 வாட்டும் அதற்குச் சற்று மேற்பட்ட உச்சத்திறனும் உள்ள யந்திரமே போதும்.

தண்ணீர் மோட்டாரையும் ஓட்ட வேண்டுமானால் கணக்கு மாறுகிறது. 700 வாட் மோட்டார் தொடங்கும்போது மூன்று மடங்கு, அதாவது 2,100 வாட் இழுக்கும். அச்சமயம் விளக்குகளையும் செல்போன்களையும் தவிர மற்றவற்றை நிறுத்தி வைத்தால் மொத்தம் 2,199 வாட். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கையிலேயே மோட்டாரைப் போட்டால் 2,634 வாட். அதே விநாடியில் பிரிட்ஜும் தொடங்கிவிட்டால் 3,000-க்கும் மேல். இதிலிருந்து வரிசையின் அருமை விளங்கும். முதலில் மோட்டாரைத் தனியே தொடங்க வேண்டும்; அது சீராய் ஓடிய பின்பு மின்விசிறிகளைப் போட வேண்டும்; தொட்டி நிரம்பி மோட்டாரை நிறுத்திய பின்பே பிரிட்ஜை இணைக்க வேண்டும். இவ்வாறு நடந்துகொள்ளும் குடும்பத்திற்குத் தொடர்திறன் 2,000 வாட்டும் உச்சத்திறன் 2,500 வாட்டும் உள்ள யந்திரம் தாராளமாய்ப் போதுமானது. வரிசையைக் கவனியாத குடும்பத்திற்கு அதைவிடப் பெரியது வேண்டும். ஒழுங்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு பணம் அதிகம் செலவாகும்.

ஆகக்கூடி, வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளின் கூட்டுத்தொகை அளவைத் தீர்மானிப்பதில்லை. ஒருங்கே ஓடியே தீரவேண்டியவற்றின் தொகையும், அவற்றில் பெரிய ஒரு மோட்டாரின் தொடக்க இழுப்புமே அளவைத் தீர்மானிக்கின்றன. இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். அநேக வீடுகளில் அந்தப் பெரிய ஒன்று தண்ணீர் மோட்டார்தான். கொல்லைக் கிணற்றில் ராட்டினமும் கயிறும் நல்ல ஸ்திதியிலிருந்தாலும், அடிகுழாய் பழுதில்லாமலிருந்தாலும் யந்திரத்தின் அளவு பாதியாகக் குறைந்துவிடுகிறதென்பதைக் குடியானவர்கள் யோசிப்பார்களாக.

அளவு பெரிதானால் வரும் நஷ்டம்

பெரிய யந்திரத்தில் சிறு பாரத்தைப் பூட்டினால் பெட்ரோலும் சிறிதாகவே செலவாகுமென்று நினைப்பது தவறு. சாதாரண ஜெனரேட்டரின் எஞ்சின் பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிமிஷத்திற்கு 3,000 சுற்று சுற்றியே ஆகவேண்டும். அப்போதுதான் மின்சாரம் விநாடிக்கு 50 அலைகளோடு வெளிவரும். ஆளொருவர் ஏறிச்செல்ல டிராக்டரை ஓட்டுவதுபோல, அந்தச் சுற்றலுக்கே எண்ணெய் தீர்ந்துகொண்டிருக்கும்.

மேற்படி குடும்பத்தின் 534 வாட்டை 1,000 வாட் யந்திரம் தாங்கினால் மணிக்கு ஏறக்குறைய அரை லிட்டர் பெட்ரோல் செலவாகும். அதே பாரத்தை 6 கே.வி.ஏ. யந்திரத்தில் வைத்தால் மணிக்கு ஒன்றேகால் லிட்டர் ஆகும். தினம் 8 மணி நேரம் வீதம் பத்து நாளைக்குக் கணக்கிட்டால் முன்னதற்கு 40 லிட்டர், பின்னதற்கு 100 லிட்டர். லிட்டர் ஏறக்குறைய 100 ரூபாய் விற்கும் இக்காலத்தில், பத்தே நாளில் 6,000 ரூபாய் வீணாகிறது. புயல் அடித்த மறுநாள் பெட்ரோல் பங்கில் பணத்தைக் காட்டிலும் வரிசையே பெரும் தடை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். டீஸல் யந்திரங்களை நெடுநேரம் மிகக் குறைந்த பாரத்தில் ஓட்டினால், எரியாத எண்ணெயும் கரியும் புகைக்குழாயில் அடைந்து எஞ்சினும் கெட்டுப்போகும்.

பாரத்திற்குத் தக்கபடி எஞ்சினின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களும் இப்போது கிடைக்கின்றன. இவற்றின் விலை அதிகம். ஆனால் சப்தமும் எண்ணெய்ச் செலவும் குறைவு. டி.வி., கம்ப்யூட்டர் போன்ற நுட்பமான கருவிகளுக்கும் இவற்றின் மின்சாரம் ஏற்றது.

ஆழ்குழாய்க் கிணறும் வயற்கிணறும்

ஆழ்குழாய்க் கிணற்றில் இறக்கியிருக்கும் நீர்மூழ்கி மோட்டார்களுக்குத் தொடக்க இழுப்பு அதிகம். ஒரு ஃபேஸ் மோட்டாரில் அரை ஹெச்.பி.க்கு 2 கிலோவாட், ஒரு ஹெச்.பி.க்கு 4 கிலோவாட் தொடர்திறனுள்ள ஜெனரேட்டர் என்று வைத்துக்கொள்வது அபாயமற்றது. மூன்று ஃபேஸில் ஓடும் 5 ஹெச்.பி. வயல் மோட்டாருக்கோ 15 கிலோவாட் வேண்டும். கையால் தூக்கிச் செல்லும் சிறு யந்திரம் எதுவும் இதற்கு ஆகாது. வயலுக்குத் தண்ணீர் இறைப்பதற்கு டீஸல் எஞ்சின் பம்பையே வாடகைக்கு அமர்த்திக்கொள்ளுதல் சிக்கனம். வீட்டு ஜெனரேட்டரை வயற்காரியத்திற்கென்று பெரிதாக வாங்குவது வீண்.

நீர்மூழ்கி மோட்டாரை ஓட்டுவோர் எப்போதும் ஜெனரேட்டரை முதலில் கிளப்பி, அது நிதானமான பின்பே மோட்டாரைப் போட வேண்டும். நிறுத்தும்போது மோட்டாரை முதலிலும் ஜெனரேட்டரைப் பின்னும் நிறுத்த வேண்டும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கையிலேயே பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்படி விட்டால், மோட்டாரின் பேரிங் கெட்டுவிடும்.

கோழிக்குஞ்சு வளர்ப்போர் கவனிக்க வேண்டியது

புதிதாய்ப் பொரித்த குஞ்சுகளைச் சூடு கொடுத்து வளர்ப்பவர்களுக்கு ஓர் இரவு மின்சாரமில்லாவிடினும் பெருநஷ்டம் நேரும். குளிர் தாங்காத குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கி, அடியிலுள்ளவை மூச்சுத்திணறி மடியும். குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் வீதம் குண்டு பல்புச் சூடு கொடுப்பது வழக்கமாதலால், 250 குஞ்சுகளுக்கு 500 வாட் வேண்டும். பல்புக்குத் தொடக்க இழுப்பு இல்லை. ஆயினும் இப்பாரம் இரவு முழுவதும் இடைவிடாமல் இருக்குமாதலால், அதை வீட்டுப் பாரத்தோடு கூட்டித் தொடர்திறனிலேயே கணக்கிட வேண்டும். எந்த யந்திரத்தையும் அதன் தொடர்திறனில் நாலில் மூன்று பங்குக்குமேல் மணிக்கணக்காய் ஓட்டாதிருத்தல் அதன் ஆயுளுக்கு நல்லது.

மலைப்பிரதேசங்களில்

உயரே செல்லச் செல்லக் காற்று லேசாவதால் எஞ்சினின் பலம் குறைகிறது. ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் 100-க்கு ஏறக்குறைய மூன்றரைப் பங்கு குறையுமென்று கொள்ளலாம். சுமார் 7,350 அடி உயரமுள்ள உதகமண்டலத்தில் யந்திரத்தின் திறனில் நாலில் ஒரு பங்கு போய்விடும். தகட்டில் 2,000 என்றிருப்பது அங்கே 1,500 வாட்டே தரும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உள்ளவர்கள் இதற்குத் தக்கபடி பெரியதை வாங்க வேண்டும்.

உயிருக்கு அபாயம் நேராதிருக்க

அளவு சரியாயிருந்தும், வைக்குமிடமும் பூட்டும் முறையும் தவறினால் ஜெனரேட்டர் உயிரைக் கொல்லும். எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மழைக்குப் பயந்து யந்திரத்தைத் திண்ணையிலோ, கூடத்திலோ, மாட்டுக்கொட்டகையிலோ வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பவர்கள் உறக்கத்திலேயே இறந்துபோகக்கூடும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் ஆகியவை இதன் அறிகுறிகள். கண்டவுடனே வீட்டிலுள்ள யாவரும் வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். யந்திரம் வீட்டிலிருந்து 20 அடிக்குக் குறையாத தூரத்தில், நான்கு பக்கமும் திறந்த ஒரு சார்ப்பின்கீழ், புகைக்குழாய் ஜன்னல்களுக்கு எதிர்ப்புறமாகத் திரும்பியிருக்கும்படி வைக்கப்பட வேண்டும்.

இரண்டாவது அபாயம் பிறர் உயிருக்கு. ஜெனரேட்டரின் வயரை வீட்டுப் பிளக்கில் செருகி, மெயினை நிறுத்தாமல் ஓட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. அவ்வாறு செய்தால் மின்சாரம் தெருக்கம்பிக்குத் திரும்பி ஓடும். டிரான்ஸ்பார்மர் வழியே அது எதிர்த்துச் செல்லும்போது 230 வோல்ட் 11,000 வோல்ட்டாகப் பெருகிவிடும். கஜா புயலுக்குப்பின் அயல் ஜில்லாக்களிலிருந்தும், கேரளம் முதலிய அண்டை ராஜ்யங்களிலிருந்தும் வந்து இரவு பகலாய்க் கம்பம் நட்டவர்களைப் போன்ற ஊழியர்கள், கம்பியில் மின்சாரமில்லையென்று நம்பியே அதில் கைவைக்கின்றனர். ஒரு வீட்டின் அஜாக்கிரதை அவர்களில் ஒருவரைக் கொன்றுவிடும். மெயினும் ஜெனரேட்டரும் ஒருபோதும் சேராதபடி பிரிக்கும் சேஞ்ச்-ஓவர் சுவிட்சை, லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்தியே தீரவேண்டும். எர்த் கம்பியையும் அவரையே கொண்டு போடச் செய்ய வேண்டும். இதற்காகும் செலவை யந்திரத்தின் விலையிலேயே சேர்த்துக் கணக்கிடுதல் முறை.

மெல்லிய வயரில் நெடுந்தூரம் மின்சாரம் கொண்டுசென்றால் வோல்ட் இறங்கி, சரியான அளவுள்ள யந்திரமும் சிறியதுபோல் தோன்றும். 2,000 வாட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியுள்ள கேபிளை உபயோகிக்க வேண்டும். எஞ்சின் சூடாயிருக்கையில் பெட்ரோல் ஊற்றுதல் கூடவே கூடாது.

பேட்டரியோடு சேர்த்து உபயோகித்தல்

வீட்டில் ஏற்கெனவே பேட்டரி இன்வெர்ட்டர் இருக்குமாயின், ஜெனரேட்டரை இரவு முழுவதும் ஓட்டவேண்டியதில்லை. 12 வோல்ட், 150 ஏ.ஹெச். பேட்டரி நன்கு நிரம்பியிருந்தால் 300 வாட் பாரத்தை ஏறக்குறைய 4 மணி நேரம் தாங்கும். 100 வாட்டில் அடங்கும் விளக்கும் புதுமாதிரி மின்விசிறியும் மட்டுமானால் இரவு முழுவதும் தாங்கும். காலையும் மாலையும் இரண்டிரண்டு மணி நேரம் ஜெனரேட்டரை ஓட்டித் தொட்டியை நிரப்பி, பிரிட்ஜைக் குளிர்வித்து, பேட்டரியையும் ஏற்றிக்கொள்ளலாம். நாலு மணி நேரத்தில் பேட்டரி முழுதும் நிரம்பாது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே ஏறும். ஆயினும் இரண்டு விளக்குக்கும் ஒரு மின்விசிறிக்கும் அது பெருந்துணை. கதவைத் திறவாத பிரிட்ஜ் 4 மணி நேரம் வரை குளிர்ச்சியை விடாது. இம்முறையில் பெட்ரோல் பாதியாய்க் குறைவதோடு, வீட்டார் உறங்கும் நேரத்தில் எஞ்சின் ஓடுவதும் தவிர்க்கப்படுகிறது. மேற்சொன்ன விஷப்புகையின் அபாயமும் வெகுவாய் நீங்குகிறது.

பராமரிப்பு

வருஷம் முழுவதும் மூலையில் கிடக்கும் யந்திரம் புயலன்று கிளம்பாது. மாதம் ஒருமுறை, மின்விசிறி முதலிய பாரத்தைப் பூட்டிப் பதினைந்து நிமிஷமாவது ஓட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் கிளப்புமுன் எஞ்சின் ஆயில் மட்டத்தைப் பார்க்க வேண்டும். புது யந்திரத்திற்கு முதல் 20 மணி நேரத்திலும், பிறகு புத்தகத்தில் கண்டபடியும் ஆயிலை மாற்ற வேண்டும். இப்போது விற்கும் பெட்ரோலில் 100-க்கு 20 பங்கு வரை எத்தனால் கலந்திருப்பதாலும், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாதலாலும், ஒரு மாதத்திற்குமேல் ஓட்டாமல் வைப்பதாயிருந்தால் டாங்கியையும் கார்புரேட்டரையும் வடித்துவிட வேண்டும்.

முடிவுரை

மேலே கூறியவற்றின் சாரம் வருமாறு:

1. புயல் காலத்தில் இல்லாமலே முடியாத கருவிகளை மட்டும் ஜாபிதா எழுதுக; சூடாக்கும் கருவிகளை நீக்குக.
2. ஒருங்கே ஓடவேண்டியவற்றின் வாட்டைக் கூட்டுக.
3. அவற்றில் பெரிய மோட்டார் ஒன்றுக்கு மட்டும் ஓடும் வாட்டை மும்மடங்காக்கிக் கணக்கிடுக. ஆழ்குழாய் மோட்டாருக்கு மேலே தனியே சொன்ன அளவைக் கொள்க.
4. வரும் தொகை யந்திரத்தின் உச்சத்திறனுக்கு உட்பட்டும், மணிக்கணக்காய் ஓடும் பாரம் தொடர்திறனில் நாலில் மூன்று பங்குக்கு உட்பட்டும் இருக்குமாறு தெரிந்தெடுக்க.
5. சேஞ்ச்-ஓவர் சுவிட்சும், வீட்டிலிருந்து 20 அடி தூரத்தில் ஓர் இடமும் தயாராகும் முன் யந்திரத்தை ஓட்டாதிருக்க.

இந்தக் கணக்கை ஆடி, ஆவணி மாதங்களிலேயே போட்டு, வேண்டியதை வாங்கி, ஒருமுறை எல்லாவற்றையும் பூட்டி ஓட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்று எழுந்த பின்பு கடைக்கு ஓடுபவர்களுக்குக் கிடைப்பது கடையில் மிஞ்சிய யந்திரமேயன்றித் தம் வீட்டிற்கு ஏற்ற யந்திரமன்று. முன்கூட்டியே அளந்து வாங்கிய குடும்பத்திற்கோ, கம்பங்கள் மறுபடி நிமிரும் வரையில் தொட்டியில் தண்ணீரும், பாட்டியின் மருந்துக்குக் குளிர்ச்சியும், இரவில் ஒரு விளக்கும் குறைவின்றி இருக்கும்.